கரண்ட் போனால் பாட்டு

ரசீதாவின் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். சங்கரன்கோவிலில் அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகள் பேசக் கற்றுக்கொள்ளும்போதே கத்திப் பேசித்தான் கற்றுக்கொள்ளும். மெதுவாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழாது.

அவளுடைய கணவன் மைதீன் பாட்சா எழுபத்தெட்டில் வயரிங் வேலைக்காக சவுதியில் தமாமுக்குப் போனான். மகள் சபுரா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். மறுவருஷம், லீவில் ஊருக்கு வந்த ஒருவர் கையில் அவன் ஒரு டேப் ரிக்கார்டர் கொடுத்துவிட்டான். கூடவே அவன் பேசிப் பதிந்த ஒரு கேசட். போட்டதும், "ரசீதா, நல்லாருக்கியா? சபுராக்குட்டி, வாப்பா பேசுதேன்மா" என்று குரல் வந்தது. சபுரா பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். ஆளைக் காணோம். திரும்ப முன்னால் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கேசட்டின் கடைசியில் மைதீன் பாட்சா ஒன்று கேட்டிருந்தான். பிள்ளை பேசுவதைப் பதிந்து அனுப்ப வேண்டும். என்ன பேசினாலும் சரி, அழுதாலும் சரி.

ரசீதா சிவப்புப் பொத்தானை அமுக்கி, மகளை மடியில் வைத்து, வாப்பா சொல்லு, உம்மா சொல்லு, காக்கா சொல்லு என்று ஒரு பக்கம் முழுக்கப் பதிந்து அனுப்பினாள். அடுத்த கேசட்டில் பதில் வந்தது. "நீ அனுப்புனதைப் போட்டதும் கூட இருக்கிறவனுவ எல்லாம் 'ஒன் வீட்டுக்குள்ள ரயிலா ஓடுது?'ன்னு கேக்கானுவ. தறிச் சத்தம்தான் கேக்குது ரசீதா. அதைக் கேட்டதும் ஊர்ல நிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. ஆனா பிள்ளை என்ன சொல்லுச்சுன்னு மட்டும் ஒண்ணுமே வெளங்கல."

ரசீதாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. ஜன்னலில் போர்வை கட்டிப் பார்த்தாள். அரிசிப்பானைக்குள் மைக்கை இறக்கிப் பார்த்தாள். எதற்கும் தறி மசியவில்லை. ஒரு நாள் மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. தெரு முழுக்கத் தறிகள் நின்றன. கஞ்சி சொட்டும் சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு சைக்கிள் மணி கேட்டது. சபுரா வாசலில் ஒரு கோழியிடம் ஏதோ நியாயம் பேசிக்கொண்டிருந்தாள், அது எழுத்து எழுத்தாகக் கேட்டது. பானையை அப்படியே விட்டுவிட்டு ரசீதா ஓடிப்போய் டேப் ரிக்கார்டரில் பேட்டரியைப் போட்டாள்.

அந்தக் காலத்தில் கரண்ட் போவது பெரிய விஷயமில்லை. மற்றத் தெருக்காரர்கள் விசிறியைத் தேடும் நேரத்தில், இந்தத் தெருவில் பிள்ளைகள் ரசீதா வீட்டை நோக்கி ஓடிவர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது எதிர்வீட்டு முத்துத்தாயின் மகன் கோமதிசங்கர். அவனுடைய அப்பா ராமசுப்புவும் தமாமில் மைதீன் பாட்சா தங்கியிருந்த அதே தொழிலாளர் கேம்ப்பில்தான் கொத்தனாராக இருந்தார்.

"ரசீதாக்கா, எம்மவனும் ரெண்டு வார்த்த பேசிக்கிடட்டுமா? அவுக கேட்டா சந்தோசப்படுவாக" என்று முத்துத்தாய் கேட்டாள்.

"இதுக்கெல்லாம் கேட்டுக்கிட்டு நிப்பாங்களாட்டி? வா உள்ள."

ஆனால் பையன் மைக்கைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். முத்துத்தாய் தொடையில் கிள்ளினாள். "பேசுல! அப்பா நல்லாருக்கியளான்னு கேளு!" அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது. ரசீதா அவளைக் கையமர்த்தினாள். பையனிடம், "ஏலே, ஒங்க வீட்டு ஆடு எத்தனை குட்டி போட்டுச்சு? மூணா?" என்றாள்.

"ரெண்டு" என்றான்.

"ரெண்டும் கறுப்பா?"

"ஒண்ணு கறுப்பு. ஒண்ணுக்கு மூக்குல மட்டும் வெள்ளை. அது கெடந்து துள்ளும் அத்தை, எங்க அம்மாவை முட்டித் தள்ளிட்டு!" அப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை.

ரசீதாவுக்கு அதுதான் கைவந்தது. பேசு என்று ஒரு பிள்ளையிடமும் சொல்ல மாட்டாள். பாடு என்றும் சொல்ல மாட்டாள். தப்பாக ஒன்றைச் சொல்வாள். பிள்ளை அதைத் திருத்த வாயைத் திறக்கும். பாட்டும் அப்படித்தான் வந்தது. இவள் ஒரு வரி சொல்வாள், அவர்கள் சிரித்துக்கொண்டே அடுத்த வரியைக் கட்டுவார்கள்.

டக்கு டக்கு தறியே
தாத்தா வேட்டி நெய்ஞ்சாச்சு
அத்தை சேலை நெய்ஞ்சாச்சு
ஆகாசத்துல பறக்குற பிளேனுக்கு
அழகா ஒரு கவுனு நெய்வியா?

கேசட்டில் தன் குரல் வராமல் பார்த்துக்கொண்டாள். "என் சத்தம் தகரத்தைத் தட்டின மாதிரி இருக்கும்" என்பாள். பேச்சைக் கிளப்பிவிட்ட பிறகுதான் பொத்தானை அமுக்குவாள், அப்புறம் கண்ணாலும் கையாலும்தான் பிள்ளைகளுக்குச் சாடை காட்டுவாள். கையை அசைக்கும்போது வளையல் குலுங்கும். அது மட்டும் எல்லாக் கேசட்டிலும் லேசாகக் கேட்கும்.

தமாமில் வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தக் கேசட்டைப் போடுவார்கள். முதலில் மைதீன் பாட்சாவும் ராமசுப்புவும் கேட்டார்கள். பிறகு அந்த அறை முழுக்கக் கேட்டது. பிறகு அடுத்த அறைகளிலிருந்தும் வந்து கட்டில்களில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். யாருடைய பிள்ளை பாடினாலும் எல்லாரும் கேட்டார்கள். கடையநல்லூர்க்காரர், புளியங்குடிக்காரர், மலையாளத்துக்காரர்கூட உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் பாடி முடித்ததும் கடைசியில், "வாப்பா சாப்பிட்டீங்களா?" "அப்பா சாப்பிட்டியளா?" என்று கேட்கும். அதற்குக் கட்டிலில் இருக்கும் தகப்பன், "சாப்பிட்டேம்மா, சாப்பிட்டேன்" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்வான். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எண்பதில் வந்த ஒரு கேசட்டில், மைதீன் பாட்சா பேசி முடித்த பிறகு வேறொரு குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது.

"தங்கச்சி, நான் கருத்தப்பாண்டி. மேலநீலிதநல்லூர்க்காரன். இங்கன சமையக்காரனா இருக்கேன். எனக்குத் தாய் தகப்பன் இல்ல, கல்யாணமும் ஆகல. ஒங்க கேசட்டை வாசல்ல நின்னு கேக்கது உண்டு. எல்லாப் பிள்ளையளும் 'சாப்பிட்டியளா, சாப்பிட்டியளா'ன்னு கேக்குது. இவனுவளுக்கு ஆக்கிப் போடுதது நான். என்னைய ஒரு பிள்ளையும் கேக்கல. தப்பா எடுத்துக்கிடாதீக. சும்மா சொன்னேன்."

அதற்குப் பிறகு கேசட்டில் சத்தமில்லை. ரசீதா பின்னால் ஓட்டித் திரும்பக் கேட்டாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் கரண்ட் போனதும் வந்த பிள்ளைகள் அத்தனை பேரையும் உட்காரவைத்து, "தமாம்ல ஒரு மாமா இருக்காவ. எல்லாருக்கும் சோறு போடுவாவ. ஆனா அவுக சாப்பிடவே மாட்டாவளாம்" என்றாள்.

பிள்ளைகளுக்கு அது தாங்கவில்லை. "கருத்தப்பாண்டி மாமா, சாப்பிட்டியளா?" என்று ஒன்றாகக் கத்தினார்கள். கோமதிசங்கர், "குழம்பு தீந்துபோச்சுன்னா ஒளிச்சு வச்சுக்கோங்க மாமா" என்று யோசனை சொன்னான். சபுரா கடைசியாக மைக்குக்கு வாயைக் கொண்டுபோய், "மிச்சம் இருந்தா எனக்கு" என்றாள்.

அந்தக் கேசட் போட்ட வெள்ளிக்கிழமை கருத்தப்பாண்டி வாசலில் நிற்கவில்லை. எல்லாருமாக அவரை உள்ளே இழுத்து, கட்டிலில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்களாம். குரல் வந்ததும், "சாப்பிட்டேன் மக்கா" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். மைதீன் பாட்சா சொல்லி அனுப்பியிருந்தான்.

எண்பத்தொன்றில் மைதீன் பாட்சா முதல் லீவில் வந்தான். பெட்டி, துணிமணி, செண்ட் பாட்டில் எல்லாம் வந்து இறங்கின. அவன் கையை நீட்டிக் கூப்பிட்டதும் சபுரா உள்ளே ஓடிவிட்டாள். அலமாரிப் பக்கம் நின்றுகொண்டு, டேப் ரிக்கார்டரைக் காட்டி, "எங்க வாப்பா இதுக்குள்ளல்ல இருக்காவ. நீங்க யாரு?" என்றாள்.

வந்திருந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மைதீன் பாட்சாவும் சிரித்தான். பிறகு கொல்லைப்புறம் போய்க் கை கழுவுகிற மாதிரி வெகுநேரம் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். ரசீதா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"பிள்ளை மேல குத்தமில்ல மச்சான். அதுக்குத் தெரிஞ்ச வாப்பா ஒங்க சத்தம்தான். அந்தச் சத்தத்தை வச்சே வாங்க."

அலமாரி வைத்த இடத்துக்கும் படுக்கிற இடத்துக்கும் நடுவே ஒரு பழைய சேலையைத் திரையாகத் தொங்கவிட்டாள். டேப் ரிக்கார்டரை முன்னால் வைத்தாள். மைதீன் பாட்சா திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, கேசட்டில் தொடங்குகிற மாதிரியே, "சபுராக்குட்டி, வாப்பா பேசுதேன்மா" என்றான். சபுரா உடனே பெட்டிக்கு முன்னால் வந்து சம்மணமிட்டாள்.

"வாப்பா, வீட்டுக்கு ஒரு ஆளு வந்திருக்காரு. மீசை பெருசா இருக்கு."

"அப்படியா? நல்ல ஆளா?"

"மிட்டாய் தந்தாரு. நான் வாங்கல."

"வாங்கிக்கோம்மா. அவரு நம்ம ஆளுதான்."

கேட்டதற்கெல்லாம் பெட்டி பதில் சொல்வது அவளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. தினமும் மத்தியானம் வந்து உட்கார்ந்து பேசினாள். மீசைக்காரர் என்ன சாப்பிட்டார், எப்படிக் குறட்டை விட்டார் என்றெல்லாம் சொன்னாள். திரைக்குப் பின்னால் அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஒரு நாள் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அவளே எழுந்துபோய்த் திரையை ஒதுக்கினாள். அவனைப் பார்த்தாள். பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவன் திரும்பப் போகிற அன்று, அவன் சட்டையைப் பிடித்த கையை ரசீதாதான் விரல் விரலாக விடுவிக்க வேண்டியிருந்தது.

அவன் போன பிறகு கேசட் கேட்பவர்கள் பெருகினார்கள். வேறு கேம்ப்களிலிருந்தும் கேசட் வேண்டும் என்று சொல்லி விட்டார்கள். ஒரு கேசட்டைப் பல கேசட்டாக்குவதற்கு ரசீதா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்வமணியின் கடைக்குப் போனாள். செல்வமணி ரேடியோ ரிப்பேர் செய்கிறவன், மைக்செட்டும் வைத்திருந்தான். சர்ச் விழாவிலிருந்து கோயில் கொடை வரை அவனுடைய ஒலிபெருக்கிக் குழாய்தான் கட்டப்படும்.

ஓடவிட்டுக் கேட்டவன், "இது எந்தக் கம்பெனிக் கேசட்டுக்கா? இந்தப் பாட்டை நான் எங்கயும் கேட்டதில்லையே" என்றான்.

"கம்பெனி எங்க இருக்கு தம்பி? கரண்ட் போனா நம்ம வீட்டுல பாடுததுதான்."

அந்த வருஷம் ஊரில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் செல்வமணியின் மைக்செட்தான். கூட்டத்தில் தவறிப்போன ஒரு சின்னப் பையனைக் கொண்டுவந்து மைக்செட் மேடையில் விட்டார்கள். பேர் கேட்டால் அழுகை, ஊர் கேட்டால் அதைவிடப் பெரிய அழுகை. முறுக்கு வாங்கிக் கொடுத்தும் நிற்கவில்லை. செல்வமணிக்கு என்ன தோன்றியதோ, ரசீதாவின் கேசட்டை எடுத்துப் போட்டான். குழாய் வழியாகத் திருவிழா முழுக்கப் பிள்ளைகளின் சத்தம் போயிற்று. பையன் அழுகையை நிறுத்தி, யார் பாடுகிறது என்று குழாயை நிமிர்ந்து பார்த்தான். பிளேனுக்குக் கவுன் நெய்கிற இடம் வந்ததும் சிரித்துவிட்டான்.

"ஏலே, இந்தப் பிள்ளையள் எல்லாம் திருவேங்கடம் ஊருதானாம். நீயும் திருவேங்கடந்தானே?" என்றான் செல்வமணி. ரசீதாவின் வித்தையை அவன் எப்போது கற்றுக்கொண்டான் என்று தெரியவில்லை.

"நான் ராயகிரி" என்றான் பையன். "எங்க அப்பா பேரு பிச்சையா."

மைக்கில் பேரைச் சொன்னதும் ராயகிரி பிச்சையா ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டார். அவருடைய மனைவி மூச்சு வாங்க நின்று, "அண்ணாச்சி, அந்தப் பாட்டுக் கேசட்டு எங்க கெடைக்கும்?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள்.

கேசட்டுக்குப் 'பிள்ளைக்குரல்' என்று பேர் வைத்தது செல்வமணி. அட்டைக்கு பஜாரில் ஒரு நோட்டீஸ் பிரஸ்ஸில் ரோஸ் காகிதத்தில் அச்சடித்தார்கள். பாடலாசிரியர், இசை என்று போடும் இடத்தில் யார் பேரைப் போடுவது என்று பிரஸ்காரர் கேட்டதற்கு, பாடின பிள்ளைகள் பேரைப் போடச் சொன்னாள் ரசீதா. அட்டையில் இடம் போதவில்லை. எழுத்தைப் பொடியாக்கிப் போட்டார்கள். ஒவ்வொரு தாயும் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் தன் பிள்ளையின் பேரைத் தேடினாள்.

முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று வருஷத்துக்கு ஒன்று வந்தது. ராஜபாளையம், தென்காசிக் கடைகளுக்கும் போயிற்று. பெரிய வியாபாரம் என்று சொல்ல முடியாது. ஆனால் ரசீதா தெருவில் நடந்தால், "கேசட்டக்கா போறாவ" என்று சொல்கிற அளவுக்கு ஆயிற்று.

எண்பத்துநாலில் ஒரு நாள் வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். ஆள் கறுப்பு, உயரம், கையில் பெரிய பை. "மைதீன் பாட்சா வீடு இதானா?" என்று கேட்ட குரலை ரசீதாவுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"கருத்தப்பாண்டி அண்ணனா? வாங்கண்ணே, உள்ள வாங்க!"

அவர் உள்ளே வந்து உட்காரவில்லை. "தங்கச்சி, ஒரு பெரிய அண்டா வேணும். அடுப்பை வாசல் முத்தத்துல போட்டுக்கிடுதேன்" என்றார். பையில் நெய், முந்திரி, கிஸ்மிஸ், ஏலக்காய் எல்லாம் இருந்தன. கறி வாங்க அவரே போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரையும் பக்கத்தில் விடாமல் நெய்ச்சோறும் கறிக்குழம்பும் ஆக்கினார். கரண்ட் போகாமலேயே அன்று தெருப்பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். கேசட் அட்டையிலிருந்த பேர்களை மனப்பாடமாக வைத்திருந்தார். குரலைக் கேட்டு, "நீ சபுரா. நீ கோமதிசங்கரு, கொழம்பை ஒளிச்சு வைக்கச் சொன்னவன்" என்று ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்.

வாழையிலையில் பரிமாறிக்கொண்டே போனவர் நடுவில் கரண்டியோடு நின்றுவிட்டார். பிள்ளைகள் அள்ளி அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்தார். "நல்லா இருக்கா மக்கா?" என்றார். வாய் நிறையச் சோற்றோடு அவர்கள் தலையாட்டினார்கள்.

மிச்சச் சோற்றை இலையில் போட்டு ரசீதா அவர் முன்னால் வைத்தாள். "நீங்க உக்காருங்கண்ணே. இன்னைக்கு நான் வெளம்புதேன்."

முத்துத்தாய்க்கு ஒரு சித்தி மகள் உண்டு, தங்கப்பழம் என்று பேர். பீடி சுற்றிக்கொண்டு, கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தவள். கருத்தப்பாண்டி லீவு முடிந்து போவதற்குள் அவர்கள் கல்யாணம் சங்கரநாராயணர் கோயில் சந்நிதியில் நடந்துவிட்டது. பேச்சை எடுத்தது முத்துத்தாய். ஒத்தாசைக்கு நின்றது ரசீதா.

பிறகு வீடியோ வந்தது. எண்பத்தாறில் செல்வமணி கல்யாண வீடுகளில் படம் பிடிக்க ஒரு வீடியோ கேமரா வாங்கினான். "சத்தம் கேட்டது போதும்க்கா. முகத்தையும் அனுப்புவோம்" என்றான். பிள்ளைகளுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, காகிதப்பூ மாலை போட்டு, சுவரோரமாக வரிசையாக நிறுத்தினார்கள். செல்வமணி பெரிய விளக்கைப் போட்டதும், கேசட்டில் கூரை பறக்கப் பாடின பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைத்துவிட்டார்கள். ரசீதா என்ன தப்பாகச் சொல்லியும் யாரும் திருத்தவில்லை. ஒன்பது வயதாகிவிட்ட சபுரா, "எனக்கு வெக்கமா இருக்கு, நான் பாட மாட்டேன்" என்று சொல்லியே விட்டாள்.

"தம்பி, அந்த லைட்டை அணைச்சிருங்க. கேமரா ஓடிக்கிட்டே இருக்கட்டும். நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள் ரசீதா.

"ஓடுனா டேப்பு வீணாப் போகும்க்கா."

"போகட்டும், போயிட்டு வாங்க."

அவன் போனான். பிள்ளைகள் மெல்ல உட்கார்ந்தார்கள், சொரிந்துகொண்டார்கள். முத்துத்தாயின் ஆடு உள்ளே வந்து ஒருத்தியின் காகிதமாலையைத் தின்னத் தொடங்கியது. ஒரே கூச்சல். ஆட்டை ஒருவன் இழுக்க, மாலையை ஒருத்தி இழுக்க, ஆட்டுக்கு அங்கேயே ஒரு பாட்டுக் கட்டிப் பாடினார்கள். வெட்கம் என்ற சபுராதான் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினாள். செல்வமணி டீ குடித்துவிட்டு வந்தபோது படம் முடிந்திருந்தது.

பிள்ளைக்குரலின் முதல் வீடியோ அதுதான். ஊரில் வீடியோ டெக் வைத்திருந்தவர்கள் சிலர் வாங்கினார்கள். வாடகைக்கு டெக் எடுத்துச் சினிமா போடுகிறவர்கள் நடுவில் இதையும் ஒரு தடவை ஓடவிட்டார்கள். தமாமில்தான் அது தேய்ந்துபோகும் வரை ஓடியது. ராமசுப்பு தன் மகனைப் பார்த்து அப்போது இரண்டு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. டி.வி.க்குப் பக்கத்தில் போய், கோமதிசங்கரின் தலைமேல் கையை வைத்து உயரம் பார்த்தார். பெட்டிக்குள் அவன் சாண் உயரம்தான் இருந்தான். அவருக்கு ஆற்றாமையாகப் போயிற்று.

கருத்தப்பாண்டிதான் வழி சொன்னார். "ஆட்டைப் பாருமய்யா. அது ஒம்ம வீட்டு ஆடுதானே? நிக்கிற ஆட்டுக்கு ஒமக்கு உசரம் தெரியும்லா?"

ராமசுப்பு தன் தொடையில் ஆட்டின் உயரத்தைக் காட்டினார். மகன் அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறான் என்று எல்லாருமாகக் கணக்குப் போட்டார்கள். கை மெல்ல மெல்ல மேலே ஏறி அவர் நெஞ்சுக்கு வந்து நின்றது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் நின்றாராம்.

எண்பத்தெட்டில் மைதீன் பாட்சா ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டான். முதுகுவலி ஒரு காரணம், போதும் என்று தோன்றியது இன்னொரு காரணம். செல்வமணியின் கடையை ஒட்டி எலக்ட்ரிக் கடை போட்டான். மறுவருஷம் ஒரு மகன் பிறந்தான். அவன் தவழ்ந்தான், கொழகொழவென்று பேசினான். ஆனால் அவன் குரலைப் பிடித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. செல்வமணி ஒரு தடவை நினைவுபடுத்தியபோது, "எதுக்கு தம்பி? கேக்க வேண்டியவுக இங்கனதானே இருக்காவ" என்று சிரித்தாள் ரசீதா.

பிள்ளைக்குரல் அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை. பாடின பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். சிலர் தறிக்குப் போனார்கள், சிலர் காலேஜுக்குப் போனார்கள். பட்டணத்துக் கம்பெனிகளின் பளபளப்பான கேசட்டுகள் கடைகளில் தொங்கின. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வெளிநாட்டுக்குப் பேசுகிற டெலிபோன் பூத்தும் வந்துவிட்டது. செல்வமணி கல்யாண வீடியோவில் மும்முரமாகிவிட்டான். யாருக்கும் இதில் மனஸ்தாபமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை முத்துத்தாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். ராமசுப்பு இன்னும் தமாமில்தான் இருந்தார். கடைக்குட்டி பேச்சித்தாய்க்கு நாலு வயது.

"பூத்துல போயி நிக்கோம்க்கா. மீட்டர்ல காசு ஏறுத சிவப்பு நம்பரு ஓடுது. இவ போனைக் காதுல வச்சிக்கிட்டு வாயே தெறக்க மாட்டேங்கா. அவுக அங்கன 'பேசும்மா, பேசும்மா'ன்னு கெஞ்சுதாக. எனக்குக் குலை நடுங்குது."

"அடுத்த தடவை போகும்போது என்னையும் கூப்பிடு" என்றாள் ரசீதா.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பேரும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். லைன் கிடைத்ததும் ரசீதா குனிந்து, ரிசீவரைச் சிறுமியின் காதில் வைத்து, "ஏட்டி, காலையில ஒங்க வீட்டு ஓட்டு மேல வந்தது என்னது? பூனைதானே?" என்றாள்.

பேச்சித்தாய் அவளை நம்ப முடியாமல் பார்த்தாள்.

"பூனைன்னுதான் நான் ஒங்க அப்பாட்ட சொல்லப் போறேன்."

"கொரங்கு" என்றாள் பிள்ளை, காற்றைப் போல.

"அவுகளுக்குக் கேக்கலியாம்."

"கொரங்கு! பெரிய கொரங்குப்பா! முருங்கைக்காயப் பூரா பிச்சிப் போட்டுட்டு!"

அந்தப் பக்கம் ராமசுப்பு சிரித்தது ரிசீவருக்கு வெளியிலேயே கேட்டது. பிள்ளை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குரங்கு எப்படி வந்தது, அண்ணன் எப்படிக் கம்பை எடுத்தான், அம்மா எப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றாள் என்று கொட்ட ஆரம்பித்தாள். முத்துத்தாய் சிரிப்பும் அழுகையுமாகக் கண்ணாடியில் சாய்ந்தாள். ரசீதா மெல்ல வெளியே வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். உள்ளே பேச்சித்தாய், குரங்கின் வால் எவ்வளவு நீளம் என்று தன் அப்பாவுக்குக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.